கடைசிக் குழாயில் எவ்வளவு இருக்கிறது? ஊர்க் குடிநீருக்குக் குளோரின் போடுவது பற்றி

கேள்வி: எங்கள் ஊருக்கு 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் அதில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் மருந்து வாடை தாங்கவில்லை என்கிறார்கள். கடைசித் தெருவில் வாடையே இல்லை, ஆனால் அங்கேதான் குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. எவ்வளவு பவுடர் போட்டால் சரியாக இருக்கும்?

பதில்:

தொட்டிப் பக்கம் வாடை, கடைக்கோடியில் நோய். இந்த இரண்டும் சேர்ந்துதான் வரும், இரண்டுக்கும் காரணமும் ஒன்றுதான். எவ்வளவு போடுவது என்பதற்குக் கணக்கு சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் இன்று காலை எவ்வளவு குளோரின் மிச்சம் இருந்தது? இந்த எண் தெரியாமல் பவுடரைக் கூட்டுவதும் குறைப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு தராசில் நிறுப்பது போலத்தான்.

அந்த எண்ணுக்குப் பெயர் எஞ்சிய குளோரின். நாம் போட்ட குளோரின் தண்ணீரில் உள்ள அழுக்கோடும் கிருமியோடும் வேலை செய்து முடித்த பிறகு மிச்சமாக நிற்பது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி, குளோரின் கலந்து 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது தனிக் குளோரினாக (வேறெதோடும் சேராமல், கிருமியைக் கொல்லும் நிலையில்) நிற்க வேண்டும், வீட்டுக்குத் தண்ணீர் வந்து சேரும் இடத்தில் 0.2-க்குக் குறையக் கூடாது. மேல் வரம்பு 5 மில்லிகிராம். 0.2-க்கும் 5-க்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. கொஞ்சம் வாடை வந்தால் விஷம் என்று பயப்பட வேண்டியதில்லை. வாடையே இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

இப்போது உங்கள் தொட்டியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காலையில் ஒரு தடவை போடுவதாகச் சொல்கிறீர்கள். தொட்டி ஒரு நாளில் எத்தனை தடவை நிரம்புகிறது? 2 தடவை என்றால், இரண்டாவது தடவை ஏறும் தண்ணீர் மருந்தே இல்லாமல் ஊருக்குப் போகிறது. மருந்து நாளுக்கு இவ்வளவு என்று போடுவதில்லை, நிரப்புக்கு இவ்வளவு என்று போட வேண்டும். அடுத்தது, நிரம்பிய தொட்டியின் மேல்மூடியைத் திறந்து பவுடரை அப்படியே கொட்டினால் அது கலப்பதில்லை. தண்ணீரை விடக் கனமான அந்தக் கரைசல் நேராக அடிக்கு இறங்கி, வெளியேறும் குழாய்க்குப் பக்கத்தில் கெட்டியாக நிற்கும். வால்வைத் திறந்ததும் முதலில் போகிற தண்ணீரில் மருந்து மொத்தமும் போய்விடும். பக்கத்துத் தெருவில் வாடை அடிப்பது இதனால்தான். பின்னால் வருகிற தண்ணீரில் ஒன்றும் இருக்காது. இந்த நிலையில் பவுடரை இன்னும் கூட்டினால் பக்கத்துத் தெருக்காரர்கள் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள், கடைசித் தெருவுக்கு அப்போதும் எட்டாது.

சரி, எவ்வளவு போடுவது? ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு பசி உண்டு. இரும்புச் சத்து, மாங்கனீசு, இலைதழை அழுகிய சாரம், கழிவுநீர் கலந்தால் வரும் அம்மோனியா எல்லாம் குளோரினைத் தின்றுவிடும். அவை தின்று முடித்த பிறகுதான் மிச்சம் நிற்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தெளிந்த நீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமே போதுமானதாக இருக்கலாம், ஆற்று நீருக்கு 3 கூடப் போதாமல் போகலாம். ஒரே கிணற்றில்கூட மழைக்கு முன்னும் பின்னும் பசி வேறு. அதனால் பக்கத்து ஊரில் போடுகிற அளவைக் கேட்டு உங்கள் ஊரில் போடுவது சரிவராது. உங்கள் தண்ணீரையே கேட்க வேண்டும். அதற்கு எளிமையான வழி இருக்கிறது.

20 லிட்டர் பிளாஸ்டிக் வாளிகள் 4 எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு வாளி வேண்டாம், அதுவே குளோரினைத் தின்னும். மோட்டாரிலிருந்து நேராக வரும் மருந்து கலக்காத தண்ணீரை நான்கிலும் பிடியுங்கள். தனியாக 1 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும் வரை வையுங்கள். பவுடரின் வீரியம், அதாவது அதிலிருந்து கிடைக்கும் குளோரினின் பங்கு, 25 சதவீதம் என்றால், மேலே தெளிந்து நிற்பது 1 சதவீதக் கரைசல். ஊசி இல்லாத சிரிஞ்சால் முதல் வாளிக்கு 1 மில்லி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 3, நான்காவதுக்கு 4 மில்லி விட்டு நன்றாகக் கலக்கி மூடி வையுங்கள். 20 லிட்டருக்கு 1 மில்லி என்பது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின். 30 நிமிடம் கழித்து நான்கு வாளியிலும் எஞ்சிய குளோரினை அளந்து பாருங்கள் (அளக்கும் கருவி பற்றிப் பின்னால் சொல்கிறேன்).

எடுத்துக்காட்டாக முதல் வாளியில் 0, இரண்டாவதில் 0.1, மூன்றாவதில் 0.5, நான்காவதில் 1 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் தண்ணீரின் பசி ஏறக்குறைய 1 மில்லிகிராம், மூன்றாவது வாளியின் அளவுதான் தொடங்க வேண்டிய அளவு. 20 லிட்டருக்கு 3 மில்லி என்றால் 30,000 லிட்டருக்கு 4.5 லிட்டர் கரைசல், அதாவது 180 கிராம் பவுடர். ஒவ்வொரு நிரப்புக்கும் இவ்வளவு.

இந்த வாளிச் சோதனையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பவுடரின் உண்மையான வீரியம் உங்களுக்குத் தெரிந்திருக்கவே வேண்டாம். பையில் 33 என்று அச்சடித்திருக்கும், உள்ளே 15 சதவீதம்தான் இருக்கும். அதனால் ஒன்றும் கெடவில்லை. வாளியில் கலந்த அதே பவுடரைத்தான் தொட்டிக்கும் போடப் போகிறீர்கள், வாளிக்கு எத்தனை மில்லி தேவைப்பட்டதோ அதே விகிதம் தொட்டிக்கும் பொருந்தும். ஆனால் புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பலத்த மழைக்குப் பிறகும், தண்ணீர் எடுக்கும் இடம் மாறினாலும் அப்படியே.

4 மில்லியிலும் ஒன்றும் நிற்கவில்லை என்றால் 6, 8 என்று போய்ப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால், வீரியம் உள்ள புதுப் பவுடரால் ஒரு முறை செய்யுங்கள். அதிலும் நிற்காவிட்டால் தண்ணீரில்தான் கோளாறு. லிட்டருக்கு அம்மோனியா நைட்ரஜன் (அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன்) 1 மில்லிகிராம் இருந்தால் அதைத் தாண்டவே 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் போய்விடும். அந்தத் தண்ணீரில் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் சாக்கடையோ கழிப்பறைக் குழியோ எங்கே கலக்கிறது என்று தேடுவதே முதல் வேலை.

இனி தொட்டியில் போடும் முறை. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். பவுடர் மேல் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும், வாயுவும் கிளம்பும். கட்டி இல்லாமல் கரைத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பில் பெரிதாகக் குளோரின் இல்லை, அதைத் தொட்டியில் கொட்டினால் வண்டல் சேரும், வால்வு அடைக்கும். தொட்டி கால் பங்கு நிரம்பியதும், தண்ணீர் விழுகிற இடத்தில் தெளிவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். விழுகிற வேகமே கலக்கிவிடும். நிரம்பிய பிறகு குறைந்தது 30 நிமிடம் ஊருக்குத் திறக்காமல் வையுங்கள். கிருமி குளோரினைத் தொட்டதும் செத்துவிடுவதில்லை. அளவும் நேரமும் சேர்ந்துதான் கொல்கின்றன. அளவு குறைந்தால் நேரம் கூட வேண்டும்.

இதில் தண்ணீரின் பிஎச் அளவுக்கும் (அமிலத் தன்மையா காரத் தன்மையா என்று காட்டும் எண்) பங்கு உண்டு. குளோரின் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட்டாகவும் பிரிந்து நிற்கிறது. கிருமியைக் கொல்வதில் முதலாவதுதான் வல்லது. பிஎச் ஏறக்குறைய 7.5 இருக்கும்போது இரண்டும் பாதிப் பாதி. 8-க்கு மேல் போகப் போக வலியது சுருங்கிக்கொண்டே வரும். அதனால் உங்கள் நிலத்தடி நீர் காரத் தன்மை உள்ளதாக இருந்தால் அரை மணியை ஒரு மணியாக ஆக்குங்கள். கலங்கல் இன்னொரு தொல்லை. சேற்றுத் துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் எட்டுவதில்லை. கலங்கல் 1 என்டியூவுக்குள் (என்டியூ என்பது கலங்கலை அளக்கும் அலகு) இருப்பது நல்லது, 5-க்கு மேல் போகவிடக் கூடாது. கலங்கிய தண்ணீரை முதலில் தெளிய வைக்க வேண்டும், வடிகட்ட வேண்டும், அப்புறம்தான் குளோரின்.

பவுடரை வைக்கிற இடம் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. நல்ல பிளீச்சிங் பவுடரில் 25 முதல் 35 சதவீதம் வரை குளோரின் கிடைக்கும். வெயில், ஈரம், காற்று மூன்றும் அதைத் தின்னும். வாய் திறந்த மூட்டை மோட்டார் அறையில் கிடந்தால் சில வாரங்களிலேயே வீரியம் நன்றாக இறங்கிவிடும், பார்க்க அதே வெள்ளைப் பொடியாகத்தான் இருக்கும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டிரம்மில், நிழலில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் பக்கத்தில் வேண்டாம், அதன் காற்று இரும்பையும் செம்பையும் அரிக்கும். மொத்தமாக வாங்கிக் குவிக்காமல் 1 அல்லது 2 மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது நல்லது. எச்டிஎச் எனப்படும் 65 முதல் 70 சதவீத வகை அதிக நாள் தாங்கும், ஆனால் எண்ணெயோ டீசலோ பட்டால் தீப்பிடிக்கும். திரவ ஹைப்போகுளோரைட் கையாள எளிது, வெயில் காலத்தில் வேகமாக வலு இழக்கும்.

அளப்பதற்கு வருவோம். இதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். இரண்டு வகைக் கருவி புழக்கத்தில் உண்டு. ஒன்று ஆர்த்தோடோலிடின் சொட்டு, மஞ்சள் நிறம் வரும். இன்னொன்று டிபிடி மாத்திரை அல்லது பொடி, இளஞ்சிவப்பு வரும். நான் டிபிடியைத்தான் சொல்வேன். மஞ்சள் சொட்டு, தனிக் குளோரினையும் அம்மோனியாவோடு சேர்ந்த வலுவற்ற குளோரினையும் பிரித்துக் காட்டுவதில்லை. தண்ணீரில் கழிவு கலந்திருந்தால் மஞ்சள் நன்றாக வரும், நாமும் நிம்மதியாக இருந்துவிடுவோம், கொல்லும் குளோரின் அதில் இருக்காது. அந்த ரசாயனம் உடம்புக்கும் நல்லதல்ல. டிபிடியிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு வந்த வேகத்தில் வெளுத்துப் போய் 0 போலத் தெரியும். வாடை பலமாக அடித்தும் நிறம் வரவில்லை என்றால், மருந்தில்லாத தண்ணீரை 10 பங்காகச் சேர்த்துத் திரும்ப அளந்து பாருங்கள். அளவைக் குழாயடியிலேயே எடுக்க வேண்டும். பாட்டிலில் பிடித்து எங்கோ கொண்டுபோனால் வெயிலில் குளோரின் வழியிலேயே கரைந்துவிடும்.

தினமும் 3 இடம் போதும்: தொட்டியிலிருந்து வெளியேறும் இடம், ஊர் நடுவில் ஒரு குழாய், கடைக்கோடிக் குழாய். தொட்டியில் 0.5-ம் கடைசியில் 0.2-ம் வந்தால் நன்று. தொட்டியில் 0.6 இருந்து கடைசியில் 0 என்றால் குளோரின் குழாயில் தொலைகிறது. அப்போது உடனடியாகக் கொஞ்சம் அளவைக் கூட்டுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். குழாயின் உள்சுவரில் வழவழப்பாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம் தின்னலாம், கடைமுனையில் நாள் கணக்கில் நிற்கும் தண்ணீரில் கரையலாம். எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது கசிவுக்கு. விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில், வால்வை மூடியதும் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, விரிசல் வழியாக வெளியே தேங்கிய தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்த இடத்தில் சாக்கடை ஓடினால் சாக்கடைதான் உள்ளே போகும். உங்கள் கடைசித் தெருவில் குழந்தைகளுக்கு நோய் வருகிறது என்றால், அந்தத் தெருக் குழாய் சாக்கடையைக் கடக்கிற ஒவ்வொரு இடத்தையும் நடந்து பாருங்கள். வீட்டு முன்னால் குழி தோண்டித் தாழ்வாகக் குழாய் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். கடைமுனையில் ஒரு கழுவு வால்வு வைத்து வாரம் ஒரு முறை திறந்து விடுங்கள்.

அளந்ததை எழுதுங்கள், உள்ளபடி எழுதுங்கள். இதைச் சொல்லும்போது எனக்கு வாக்கர்டன் நினைவுக்கு வரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 5,000 பேர்கூட இல்லாத ஊர் அது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே கனமழை பெய்து, பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணக் கிருமிகள் ஆழமில்லாத ஊர்க் கிணற்றுக்குள் இறங்கின. குளோரின் போதுமான அளவு போடப்படவில்லை. இயக்கியவர்கள் பல ஆண்டுகளாக அளக்காமலேயே 0.5, 0.75 என்று பதிவேட்டில் நிரப்பி வந்தது விசாரணையில் தெரிந்தது. 7 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். அந்தப் பதிவேட்டைப் பார்க்கிற எவருக்கும் ஊர்த் தண்ணீர் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். நாள் தவறாமல் ஒரே எண் எழுதப்பட்ட பதிவேட்டைக் கண்டால் எனக்கு அடிவயிறு கலங்கும். உண்மையான தண்ணீரில் எண் ஏறும், இறங்கும். 0 வந்த நாளில் 0 என்று எழுதுகிறவரைத் திட்டாதீர்கள். அவர் எழுதுவதால்தான் உங்களுக்கு ஒரு நாளாவது முன்கூட்டித் தெரிகிறது.

வாடை பற்றிய புகாரை அலட்சியம் செய்ய வேண்டாம். வாடை பிடிக்காமல் மக்கள் பாதுகாப்பில்லாத கிணற்றுக்குப் போய்விட்டால் நம் வேலை அத்தனையும் வீண். ஒரு நாள் 3, மறுநாள் 0 என்று ஆடினால்தான் நாக்கு கண்டுபிடிக்கும். தினமும் 0.3, 0.4 என்று நிதானமாக இருந்தால் கொஞ்ச நாளில் பழகிவிடும். குடத்தில் பிடித்துச் சில மணி நேரம் வைத்தால் வாடை தணியும். இதில் இன்னொரு விஷயம்: இரும்புச் சத்துள்ள தண்ணீரில் குளோரின் போட்டால் செம்பழுப்பு நிறம் வரும். முன்பே கரைந்திருந்த இரும்பு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். படிய வைத்து வடிகட்டினால் போய்விடும். இதை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிடுங்கள்.

குளோரின் போட்டால் புற்றுநோய் வருமா என்றும் கேட்பார்கள். மறைக்காமல் பதில் சொல்லுங்கள். இலைதழைச் சாரம் உள்ள தண்ணீரில் குளோரின் சேரும்போது டிரைஹேலோமீத்தேன் என்ற துணைப்பொருட்கள் சிறு அளவில் உண்டாவது உண்மை. அதற்கு வரம்புகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் குறைப்பதற்காகக் கிருமிநீக்கத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஒன்று பல ஆண்டுகளில் வரக்கூடிய மிகச் சிறிய ஆபத்து, மற்றது இந்த வாரமே ஒரு கைக்குழந்தையைக் கொண்டுபோகக்கூடியது. கவலையைக் குறைக்க வேண்டுமானால் தண்ணீரைத் தெளியவைத்த பிறகு குளோரின் போடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் வீடுகளும் ஊரில் இருக்கும். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில் 25 சதவீதப் பவுடர் 75 கிராம். தெளிவை வாளியில் கட்டி நீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். இரவு கடைசிக் குடம் எடுத்த பிறகு செய்வது வசதி. ஊற்று ஊறிக்கொண்டே இருப்பதால் ஒரு தடவையோடு முடியாது. 1 பங்கு பவுடரும் 2 பங்கு பருமணலும் கலந்து துளையிட்ட பானையில் அடைத்துக் கிணற்றுக்குள் தொங்கவிடும் முறை, சிறு கிணறுகளில் மெல்ல மெல்லக் குளோரினை விட்டுக்கொண்டிருக்கும். அதிலும் அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

கையால் போடுவதை விட இயந்திரம் மேல், மோட்டார் ஓடும்போது மட்டும் ஓடுகிற மருந்து பம்ப் கிடைத்தால் வாங்குங்கள். மின்சாரமே வேண்டாத, தண்ணீர் ஓட்டத்தில் மாத்திரை கரையும் கருவிகளும் உண்டு. வங்கதேசத்தின் டாக்கா பகுதியில் இத்தகைய கருவியைப் பொதுக் குழாய்களில் பொருத்தி, வேறு சில குழாய்களில் ஒப்பீட்டுக்கு வைட்டமின் சி விடும் கருவியைப் பொருத்திச் சோதித்தார்கள். குளோரின் கிடைத்த குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு 23 சதவீதம் குறைந்தது என்று 2019-இல் வெளியான முடிவு சொன்னது. யாரும் தினமும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியிருக்கவில்லை என்பது அதில் பெரிய விஷயம்.

குளோரினால் ஆகாததும் உண்டு. ஃபுளூரைடு, ஆர்சனிக், நைட்ரேட், உப்பு எதையும் அது தொடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீர் அளவுக் குளோரினில் சாகாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குளோரின் கலந்த தண்ணீரைக் குடித்தே ஏறக்குறைய 4 லட்சம் பேர் அதனால் நோயுற்றார்கள். கால்நடை இறங்கும் ஏரி, ஆற்றிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் நல்ல வடிகட்டல் கட்டாயம்.

தொட்டியைக் கழுவும்போது சுவரையும் தரையையும் தேய்த்து வண்டலை வெளியேற்றி, பிறகு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினோடு நிரப்பி 24 மணி நேரம் வைத்து வடித்துவிடுங்கள். 30,000 லிட்டருக்கு 25 சதவீதப் பவுடர் 6 கிலோ ஆகும். இந்த நாளில் யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்காதபடி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதை ஓடையிலோ குளத்திலோ விடக் கூடாது, மீன் செத்துவிடும். தொட்டிக்குள் குளோரின் வாடை இருக்கும்போது ஆள் இறங்கவே கூடாது, வாடை இல்லாதபோதும் மேலே ஒருவர் நிற்காமல் இறங்க வேண்டாம். பவுடரைத் தொடுகிறவருக்குக் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அந்த அறையில் வைக்கவே வேண்டாம், இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊரில் இந்த வேலையைச் செய்கிறவர் ஒருவர்தான் இருப்பார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு ஊருக்கே மருந்தில்லாத தண்ணீர். வாளிச் சோதனையைச் செய்யும் நாளில் இன்னும் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஒருவர் கடைசித் தெருக்காரராக இருக்கட்டும். 30,000 லிட்டருக்கு எத்தனை லிட்டர் கரைசல் என்பதைத் தொட்டியின் தூணில் பெயின்டால் எழுதி, சோதனை செய்த தேதியையும் அதற்குக் கீழே போடுங்கள். கடைக்கோடிக் குழாயில் காலையில் அளக்கிற வேலையை அந்தத் தெருக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.